சும்மா இருக்க ஒரு லீவு

ஆபீஸ்ல லீவு கேட்டா முதல்ல வர்ற கேள்வி, "எதுக்கு?". கல்யாணம், காதுகுத்து, ஜுரம், சாவு... இதுல ஒண்ணைச் சொன்னாத்தான் ஆச்சு. "சும்மா வீட்ல இருக்கப் போறேன் சார்"னு சொல்லிப் பாருங்க. வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போறான்னு மேனேஜர் முடிவே கட்டிடுவார். அதனாலதான் பொட்டி தட்டுற ஒவ்வொருத்தருக்கும் நாலஞ்சு பாட்டி தேவைப்படுது.

என்னைக் கேட்டா, சும்மா இருக்க எடுக்கறதுதான் லீவு. கல்யாணத்துக்குப் போறது வேற ஒரு வேலை. ஊட்டி மலைப்பாதையில வண்டி வரிசையில நின்னுக்கிட்டே மடிக்கணினியைத் திறந்து ஆணி புடுங்கறதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னே தெரியல.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லயே வந்தது. உடம்பு முடியலைன்னா 12 நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு 12 நாள்னு அதுல தனித்தனியா எழுதியிருக்கு. ஒரு வருஷம் வேலை பார்த்தா இன்னும் ஒரு 12 நாள் சம்பளத்தோட. நோய்க்கு ஒரு கணக்கு, மத்ததுக்கு வேற கணக்கு. நாமதான் எல்லாத்தையும் ஜுரத்துல கொண்டு போய்ச் சேர்த்துட்டோம். களைச்சுப் போறது நியாயமான காரணம் இல்லையா என்ன?

மேனேஜரை மட்டும் திட்டியும் பிரயோஜனமில்ல. சர்வீஸ் கம்பெனிகள்ல பெரும்பாலும் ஆளுக்கு இத்தனை மணி நேரம்னு கணக்குப் போட்டுத்தான் க்ளையன்ட்டுக்கு பில் போகுது. நீங்க வரலைன்னா அந்த நாளுக்கு பில் இல்ல. அவர் கண்ணுக்கு உங்க களைப்பு தெரியாது, எக்ஸெல்ல ஒரு கட்டம் காலியா இருக்கறதுதான் தெரியும்.

"நான் இல்லேன்னா ஒண்ணும் ஓடாது"ன்னு பெருமையா சொல்லிக்கற ஆட்களை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. பேங்க்ல இந்தப் பேச்சு எடுபடாது. முக்கியமான பொறுப்புல இருக்கறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவை, தொடர்ச்சியா 10 வேலை நாளுக்குக் குறையாம, முன்கூட்டிச் சொல்லாமலே லீவுல அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி 2021 ஜூலைல உத்தரவு போட்டது. அந்த நாட்கள்ல ஈமெயில் தவிர வேலை சம்பந்தமான எதையும் தொடக்கூடாது. ஓய்வு குடுக்கணும்னு இல்ல, ஆள் இல்லாதப்ப தில்லுமுல்லு வெளிய வரும்னுதான்! ஆனா அதுல நமக்கும் ஒரு சாட்சி இருக்கு பாருங்க. கோடிக்கணக்குல பணம் புழங்கற இடமே ஒருத்தர் இல்லாம 10 நாள் ஓடும்னா, நம்ம ப்ராஜெக்ட் 3 நாள் ஓடாதா? ஓடலைன்னா ஆபீஸை நடத்தற விதத்துலதான் கோளாறு.

போன மாசம் செவ்வாய், புதன், வியாழன் லீவு போட்டேன். காரணம் கேட்டாங்க, "சொந்த வேலை"ன்னு நிறுத்திக்கிட்டேன். எங்கயும் போகல. முதல் நாள் கை தானா போனைத் தேடுச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் அஞ்சு மணிக்குத்தான் எழுந்தேன். மாசாமாசம் ஈஎம்ஐ கட்டற வீட்டுக்குப் பகல் பதினோரு மணிக்கு எந்த ஜன்னல் வழியா வெயில் வருதுன்னு அப்பத்தான் பார்த்தேன்.

இன்னொண்ணும் தெரிஞ்சது. அப்பா மத்தியானம் தனியாத் தட்டுல போட்டுச் சாப்பிடறார், டிவி சத்தத்தைத் தெருவுக்கே கேக்கற மாதிரி வச்சுக்கிட்டு. வாசல்ல கீரைக்காரம்மா மூணு தடவை கூப்பிட்டும் அவர் திரும்பல. ராத்திரி ஒம்பது மணிக்கு வந்து "சாப்டீங்களாப்பா?"ன்னு கேக்கறவனுக்கு இது எப்படித் தெரியும்? அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிடுவார்.

காது டாக்டர்கிட்ட அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கேன். அதுக்கு இன்னொரு நாள் லீவு வேணும். இந்தத் தடவை காரணம் இருக்கு, உடனே குடுத்துடுவாங்க.