பவுடர் டப்பாவை நீட்டாதீர்கள்

குறைமாதக் குழந்தையின் தாயைப் பால் பீய்ச்சச் சொல்வது வதை, பவுடர் பாலே போதும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். தாயின் களைப்பு உண்மைதான், முடிவு தவறு.

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் பலருக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருசேரச் செய்ய வராது. பால் குழாய் வழியேதான் போகும்; அதற்குத் தாய் பீய்ச்சித்தான் தர வேண்டும். அந்தப் பிஞ்சுக் குடலை அழுகவைக்கும் நோய், பவுடர் பால் பெறும் குறைமாதக் குழந்தைகளையே அதிகம் தாக்குகிறது. முதலில் சீம்பால் சில சொட்டுதான் வரும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது அதுதான். இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும்.

சுரக்கவே இல்லையா? தாயின் குற்றமல்ல; தானப்பால் இருக்கிறது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி வந்துவிட்டது.

உட்கார நாற்காலியும் மறைவிடமும் பம்பும் தராத வார்டுதான் வதை. அவற்றைக் கேளுங்கள், மருத்துவமனை நிர்வாகங்களிடம்.