கிரயமா, வாடகையா?

வியாபாரச் செய்திகள் பிரசுரமாகும் பக்கத்தை முன்பெல்லாம் பருத்தி விலையும் பங்கு விலையும் பார்ப்பவர்களே படித்து வந்தார்கள். இப்போது அது ஹாஸ்யப் பக்கமாகவும் ஆகிவிட்டது. காப்பி ஹோட்டலிலும் ரெயில் வண்டியிலும் ஜனங்கள் அப்பக்கத்தைப் படித்து வாய்விட்டுச் சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நாமும் கூடச் சேர்ந்து சிரித்ததுண்டு. சிரிக்கத்தக்க விஷயங்கள்தாம். ஆனால் சிரித்து முடித்தபின் செல்போனை எடுத்து, ‘நான் சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோமே, அதைப்பற்றித்தான் இன்று நமது நேயர்களுடன் இரண்டு வார்த்தை பேச விரும்புகிறோம்.

ஜெர்மனி தேசத்து மோட்டார் கம்பெனியாகிய பி.எம்.டபிள்யூ., 2022-ஆம் வருஷத்தில், தென் கொரியா முதலிய சில தேசங்களில் ஒரு நூதனமான சந்தாத் திட்டத்தை ஏற்படுத்திற்று. காரின் ஆசனத்தைச் சூடாக்கும் வசதிக்கு மாதந்தோறும் சுமார் 18 டாலர் செலுத்த வேண்டும் என்பது அத்திட்டம். சூடேற்றும் கம்பி ஆசனத்துக்குள் ஏற்கெனவே வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. கார்க்காரர் காருக்குரிய முழு விலையையும் கொடுத்தாகிவிட்டது. ஆயினும் கம்பிக்கு உயிர் வரவேண்டுமானால் மாதச் சந்தா! சென்னைவாசிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சித்திரை மாதத்தில் காரை அரை மணி நேரம் தெருவில் நிறுத்தி வைத்தால் ஆசனம் வேண்டிய மட்டும் சூடாகிவிடும்; சூரிய பகவான் இதுவரையில் சந்தா கேட்டதாகத் தெரியவில்லை. உலகமெங்கும் எழுந்த பரிகாசத்தைத் தாங்க மாட்டாமல் 2023-ல் அந்தக் கம்பெனி இத்திட்டத்தைக் கைவிட்டது.

அமெரிக்காவில் நடந்த மற்றொரு கதை இதைவிட ருசியானது. ஜூசெரோ என்ற கம்பெனி பழச்சாறு பிழியும் யந்திரம் ஒன்றை 2016-ல் 699 டாலர் விலைக்கு வெளியிட்டது. நறுக்கிய பழங்களும் காய்களும் அடைத்த பைகளைக் கம்பெனியிடமே வாங்கி யந்திரத்தில் மாட்ட வேண்டும். யந்திரமோ இன்டர்நெட் தொடர்பு இல்லாமல் வேலை செய்யாது. பையின்மேல் அச்சிட்டுள்ள அடையாளத்தைப் படித்துப் பார்த்து, தேதி தாண்டியிருந்தால் பிழிய மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யும். இந்த அற்புதத்தை நம்பிப் பெரிய முதலாளிகள் சுமார் 12 கோடி டாலர் போட்டிருந்தார்கள். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள். யந்திரம் கொடுக்கும் அளவுக்குச் சாறு வந்துவிட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் கம்பெனி கதவைச் சாத்திற்று. எலுமிச்சம்பழத்தைக் கையால் பிழிந்து பழகிய நம் வீட்டுப் பெண்மணிகளை ஆலோசனை கேட்டிருந்தால் 12 கோடி டாலர் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் வேடிக்கை. ஆனால் இந்த இரண்டு கதைகளுக்கும் ஒரே கருத்துத்தான் மூலம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பொருள் நம் வீட்டில் இருக்கும். விலை நாம் கொடுத்திருப்போம். அதை இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய சாவி மட்டும் விற்றவர் கையிலேயே இருக்கும். அந்தச் சாவியை அவர் உபயோகித்தால் என்ன ஆகும் என்பது 2009-ஆம் வருஷம் ஜூலை மாதத்திலேயே தெரிந்துவிட்டது. கிண்டில் என்னும் புத்தக யந்திரத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் இரண்டை விலைக்கு வாங்கியிருந்தவர்கள் ஒரு நாள் காலையில் பார்க்கையில் புத்தகங்களைக் காணோம். விற்பனைக்குக் கொடுத்தவருக்குப் பதிப்புரிமை இல்லையென்று தெரிந்ததும், அமெஸான் கம்பெனி அவற்றைத் தூரத்திலிருந்தபடியே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வரவு வைத்தது. அழிந்தவற்றில் ஒன்று ‘1984’. வேண்டாத காகிதங்களை ஒரு துவாரத்தில் போட்டு எரித்துச் சரித்திரத்தை மறைக்கும் சர்க்காரைப் பற்றிய கதை அது! பாடம் எழுதுவதற்காக ஒரு மாணவர் அந்தப் புத்தகத்தினூடே குறித்து வைத்திருந்த குறிப்புகளும் பயனற்றுப் போயின. அவர் தரப்பில் தொடர்ந்த வழக்கு 1,50,000 டாலருக்கு ராஜியாயிற்று. கம்பெனித் தலைவர் ஜெப் பெஸோஸ், தாங்கள் செய்தது முட்டாள்தனம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு யோக்கியமானதே. ஆனால் நம் வீட்டு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் போனவன் காசை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான் என்பதற்காக அவன் செய்தது களவு இல்லையென்று எந்த மாஜிஸ்டிரேட்டாவது சொல்வாரா?

நமது பக்கத்துப் பழைய கிரய சாசனங்களைப் படித்தவர்களுக்கு அதில் வரும் வாசகம் தெரியும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளக் கடவீராகவும் என்று பத்திரம் எழுதுபவர் மூச்சு விடாமல் எழுதிவிடுவார். வக்கீல் தொழிலில் புகுந்த புதிதில் இந்த நீண்ட வாசகத்தைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை. விற்றவன் திரும்ப வந்து கதவைத் தட்டக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு வார்த்தைகளையும் நம் முன்னோர்கள் அடுக்கி வைத்தார்கள். 1930-ஆம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டமும் இதையே சொல்லுகிறது. வாங்கியவர் பொருளை இடையூறின்றி அனுபவிப்பார் என்ற உறுதி, வாயால் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாக அதன் 14-ஆவது பிரிவு விதிக்கிறது.

அப்படியானால் சட்டம் நம் பக்கம்தானே என்று நேயர்கள் கேட்கலாம். அதே சட்டத்தில் 62-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இவ்வாறு அடங்கியுள்ள உறுதிகளை இரு தரப்பாரும் வெளிப்படையான ஒப்பந்தத்தால் மாற்றிக் கொள்ளலாம், நீக்கியும் விடலாம் என்கிறது அது. இரண்டு வியாபாரிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசுவதை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது. எழுதியவர்கள் ‘நான் சம்மதிக்கிறேன்’ பொத்தானைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். இப்பொழுது அந்தச் சந்து வழியாக யானையே போய்வருகிறது. நீர் வாங்கியது புத்தகமல்ல, படிப்பதற்கு லைசென்ஸ். சங்கீதமல்ல, கேட்பதற்கு லைசென்ஸ். அதையும் நாங்கள் நினைத்தபோது ரத்து செய்வோம் என்று எறும்புக்கும் கண் வலிக்கும் எழுத்தில் எழுதியிருக்கிறது. பொத்தானின் மேல் மட்டும் பெரிய எழுத்தில் ‘வாங்குக’ என்று போட்டிருக்கிறது!

ஊரார் கதையை ஏன் பேசவேண்டும்? சென்ற மாதம் நமது கிருகத்திலேயே இது நடந்தது. மூன்று வருஷங்களுக்கு முன் ரசீதுடன் விலைக்கு வாங்கிய, தண்ணீரைச் சுத்தம் செய்யும் யந்திரம் ஒன்று சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஒரு நாள் காலையில் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது, கீச்சென்று சப்தமிட்டது, பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. பில்டரைத் தெருக்கோடிக் கடைக்காரர் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மாற்றிக் கொடுத்திருந்தார். கம்பெனி மெக்கானிக் வந்தார். எதையும் கழற்றவில்லை. இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில விநாடிகள் அமுக்கினார், தண்ணீர் கொட்டிற்று. “கம்பெனி ஆள் வந்து எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு அது கணக்கு வெச்சுக்கும் ஸார். பில்டர் புதுசா பழசான்னு அதுக்குத் தெரியாது” என்றார். எந்தப் பொத்தான்கள் என்பதை வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லக்கூடாது என்று உத்தரவாம். பிறகு பையிலிருந்து வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றை எடுத்து நீட்டினார். இத்தனை ஒப்பந்தங்கள் வாங்கினால்தான் அவருக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்குமென்று தெரிகிறது. ஆகவே அவர்மேல் நமக்குக் கோபமில்லை.

வாடகைக்கு விடுவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வீடு வாடகைக்கு விடுகிறார்கள். முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தது; மட்கார்டில் கடையின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அந்தக் கடைக்காரர் ஒருநாளும் “சைக்கிளை உமக்கு விற்றேன்” என்று சொன்னதில்லை. அந்த நேர்மைதான் வேண்டும். கம்பெனிகளின் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரிண்டரை மலிவாக விற்று மசியில் லாபம் எடுப்பது ஒரு வியாபார முறை; அதனால் பிரிண்டர் ஏழைக்கும் எட்டுகிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 2016 செப்டம்பர் 13-ந் தேதி, எச்.பி. கம்பெனியின் பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த அயலார் மசிப் புட்டிகளைத் திடீரென்று நிராகரித்தனவே, அந்தத் தடை முன்னாலேயே சாஃப்ட்வேரில் புதைத்து வைக்கப்பட்டிருந்தது என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கூச்சல் எழுந்த பிறகுதான், சரியாக அறிவிக்கவில்லை என்று கம்பெனி வருத்தம் தெரிவித்து, மாற்று ஏற்பாடும் செய்தது.

பிரிண்டர் நின்றால் காகிதம் நிற்கும். டிராக்டர் நின்றால்? அமெரிக்க விவசாயிகள் பல வருஷங்களாக இந்தக் கஷ்டத்தில் இருந்திருக்கிறார்கள். ஜான் டீர் கம்பெனியின் டிராக்டர்களில் சில பழுதுகளைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடமுள்ள சாஃப்ட்வேர் இல்லாமல் தீர்க்க முடியாது. அறுவடை சமயத்தில் வண்டி வயலிலே நிற்க, விவசாயி டீலரின் ஆளுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். கொலராடோ ராஜ்யம் 2023-ல் இதற்கென்றே சட்டம் செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனும் இரண்டு ராஜ்யங்களும் அக்கம்பெனிமீது வழக்குத் தொடுத்தன. நம் கிராமங்களில் டிராக்டர் நின்றால் ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வரும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார். அவர் பிழைப்பும் விவசாயியின் போகமும் ஒரு பூட்டுக்குள் அடைபடுவதற்கு முன் நாம் விழித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்வது மிகையாகாது.

விழித்துக்கொண்டவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்? கலிபோர்னியா ராஜ்யத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமுலில் இருக்கிறது. பிற்பாடு பறித்துக்கொள்ளக்கூடிய புத்தகம், சினிமா, விளையாட்டு முதலியவற்றை இன்டர்நெட்டில் கொடுப்பவர், இது லைசென்ஸ் மாத்திரமே என்று தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்ற சொல்லை உபயோகிக்கக்கூடாது. சிறிய சட்டம்தான்; ஒரு வார்த்தையைப் பற்றிய சட்டம். ஆயினும் நாம் அதை மெச்சுகிறோம். நம் தேசத்தில் மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகள் தங்கள் விவரங்களை அதில் வெளியிடலாம். வெளியிட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் பிறக்கவில்லை.

2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அநியாய ஒப்பந்தம் என்ற ஒன்றை முதல்முறையாக அங்கீகரித்தது. தக்க காரணமின்றி ஒரு தரப்பார் மட்டும் தம் இஷ்டப்படி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தருவதும் அதன் இலக்கணத்தில் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மற்றப் புகார்களை விசாரிக்கும் மாவட்டக் கமிஷனுக்கு இந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. மாநிலக் கமிஷனின் வாசலுக்குத்தான் போகவேண்டும். 300 ரூபாய் புத்தகத்தைப் பறிகொடுத்தவன் ரெயில் செலவும் வக்கீல் பீஸும் கணக்குப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவான். வக்கீலாகிய நாம் சொல்லுகிறோம்: இருந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். சட்டத்தை இப்படி வைத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. இந்த அதிகாரத்தை மாவட்டக் கமிஷனுக்கும் நீட்ட வேண்டும். விற்றவர் தூரத்திலிருந்து நிறுத்தக்கூடிய எந்தச் சாமானானாலும், அந்த விஷயம் ரசீதிலேயே, தாய்மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். 62-ஆவது பிரிவின் சந்தையும் பார்லிமெண்டார் அடைக்கட்டும். எத்தனையோ விஷயங்களுக்கு மகஜர் அனுப்புகிற நமது தொண்டர்கள் தங்கள் தொகுதி அங்கத்தினரை இதைப்பற்றி ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே! அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு யந்திரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மெக்கானிக் கொடுத்த ஒப்பந்தம் நமது மேஜைமேல் கிடக்கிறது. கம்பெனியார் முன்னறிவிப்பின்றி எந்த நிபந்தனையையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் ஒன்பதாவது ஷரத்து சொல்லுகிறது. அதைச் சிவப்பு மசியால் அடித்து, ஓரத்தில் ‘சம்மதமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறோம். “இதை யாருமே படிக்கிறதில்லையே ஸார், அடிச்ச காகிதத்தை ஆபீஸிலே வாங்குவாங்களோ என்னவோ” என்று அவர் டெலிபோனில் கவலைப்பட்டார். வருகிற வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.