ஸாப்பினில் தமிழனுக்கு என்ன வேலை?

தமிழ்ப்பள்ளி விழாவில் பிள்ளைகள் மலாய் நடனமான ஸாப்பினை ஆடினால், மலாக்காவில் தோட்டமானாலும் பட்டணமானாலும் ஒரே குறைதான் காதில் விழுகிறது. "அது யேமன் அரபுகள் கொண்டுவந்தது, அதில் தமிழனுக்கு என்ன வேலை? இன்றைக்கு ஆடுவது அசலும் இல்லை, வெறும் கலப்படம். அதைப் பழகினால் பிள்ளைகள் நம் உறுமி மேளத்தை மறந்துவிடும்." இனப்பற்றிலிருந்து எழும் பேச்சு என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம், அது முழுக்க அரபு இசை என்பது. தொடக்கம் அரபுதான், மறுப்பில்லை. யேமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் கப்பலேறி வந்தார்கள். காம்புஸ் என்ற நரம்புக் கருவியும் மர்வாஸ் என்ற சிறு கைம்மேளமும் அவர்களுடைய மரபு. ஆனால் இங்கே வயலின் சேர்ந்தது, அக்கார்டியன் சேர்ந்தது. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான பங்சாவான் நாடகம் ஸாப்பினை மேடையேற்றியது. மலாக்கா எல்லையைத் தாண்டி மூவாருக்குப் போனால், ஜொகூர் கஸல் குழுவில் காம்புஸுக்குப் பக்கத்திலேயே ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும். இரண்டும் இந்தியா வழியாக வந்தவை. இதை முழுக்க அரபு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, தமிழருக்குப் பங்கில்லை என்பது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகளைக் கேளுங்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வயலினும் ரெபானா என்ற கைம்மேளமும் ஒலிக்க, பந்துன் என்ற மலாய்ச் செய்யுளை எதிரெதிரே பாடும் டொண்டாங் சாயாங் அவர்களுக்கும் சொந்தம். 2018இல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, மலாய்க்காரர், பாபா நோஞ்ஞா, போர்த்துகீசியர் ஆகியோருடன் செட்டிகளும் அதன் உரிமையாளர்களாக ஏற்கப்பட்டார்கள். டொண்டாங் சாயாங் வேறு, ஸாப்பின் வேறு என்பது உண்மை. ஆயினும் மலாக்காவின் இசை இனவாரியாக வேலி போட்டு வளரவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம். ஊரும் அப்படித்தான்: ஜாலான் துக்காங் எமாசில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும் ஒரே தெருவில்தான் நிற்கின்றன.

மூன்றாவது, இன்றைய வடிவம் அசல் இல்லை என்பது. அசல் எங்கே இருக்கிறது? யேமனின் தலைநகர் சனாவில், ஒரே மரத்தில் குடைந்து தோல் போர்த்திய கன்பூஸ் என்ற நரம்புக் கருவியை 20ஆம் நூற்றாண்டில் ஊத் என்ற மற்றொரு நரம்புக் கருவி பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. அதே உருவத்தில் ஒல்லியான காம்புஸ் மலாய் உலகில் இன்னும் இருக்கிறது. பிறந்த ஊர் கைவிட்டதை வந்த ஊர் காப்பாற்றியிருக்கிறது! இமாம்கள் ஆட்சியில் சனாவில் இசை ஒடுக்கப்பட்டபோது பாடகர்கள் ஆங்கிலேயர் வசமிருந்த ஏடனுக்குப் போனார்கள். அங்கே பதிவான இசைத்தட்டுகளில் அந்தப் பாடல்கள் பிழைத்தன. சனா பாடல் மரபை யுனெஸ்கோ 2003இல் போற்றி அறிவித்தது. ஹத்ரமவுத்தின் தரீமில் பிறந்த பாடகர் அபூபக்கர் சாலிம் (1939-2017) ஹத்ரமிப் பாட்டைப் பெரிய வாத்தியக் குழுவோடு பாடினார்; அரபு நாடுகள் அனைத்தும் கேட்டன. ஹைதராபாத்தில் நிஜாம் படைக்கு வந்த ஹத்ரமிகளின் தாளம் மர்ஃபா என்ற இசையாகி இன்றும் கல்யாண ஊர்வலங்களில் அதிர்கிறது. மாறியதால்தான் இந்த இசை வாழ்கிறது.

நவீனம் என்ற பெயரில் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஸாப்பின் தொடங்குமுன் காம்புஸ் தனியே வாசிக்கும் தக்சிம் நம் ஆலாபனைக்கு நெருங்கிய உறவு. நேரமில்லை என்று அதை வெட்டிவிட்டு, பதிவுசெய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிடுவது குற்றம். மர்வாஸ் கொட்டும் கைகளே இல்லாத மேடையில் ஆட்டம் மட்டும் எப்படி உயிரோடிருக்கும்? இந்தக் குறையைச் சொல்கிறவர்களோடு நானும் நிற்கிறேன்.

கடைசி வாதம், உறுமி அழிந்துபோகும் என்பது. உறுமியைத் தளரவைத்தது ஸாப்பின் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின, தோட்டக் கோயில் திருவிழாவுக்குக் கூடிய சனம் திக்குக்கு ஒன்றாய்ப் போனது. உறுமி அடிபட்டது அங்கேதான். உறுமியே பிறகு பட்டணத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்து, இளைஞர் கையில் புதுப் பாணி பெற்றது. அதை நம்முடையது இல்லை என்று யாராவது சொல்கிறோமா? தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி, பந்துன் பாடிவந்த செட்டிகள் பொங்கலையும் மாரியம்மனையும் விட்டுவிடவில்லை. அடுத்தவர் பாட்டைப் பழகியதால் அவர்கள் தம் கோயிலை இழக்கவில்லை.

ஆகவே பெற்றோருக்கும் பள்ளி வாரியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை உறுமிக்கும் அனுப்புங்கள், ஸாப்பினுக்கும் அனுப்புங்கள். அடுத்த விழாவில் பதிவுப் பாட்டை நிறுத்திவிட்டு, காம்புஸ் வாசிக்கத் தெரிந்தவரை மேடைக்கு அழையுங்கள்.