29 பேருக்கும் ஒரே கல்

2016 ஜூலை 22. ஆடி பிறந்து ஒரு வாரம். காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில், அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது.

‘கருதப்படுகிறது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்ய முடியும்? உடல் வராத வீட்டில் திதி கொடுக்கவும் மனம் வராது, படத்துக்கு மாலை போடவும் கை வராது. ஏழரை ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2024 ஜனவரியில்தான் பதில் வந்தது. சென்னையில் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது.

கண்டுபிடித்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

2023 ஜனவரி 23 அன்று, அந்த விமானம் போய்க்கொண்டிருந்த அந்தமானின் பெயரில்லாத 21 பெரிய தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரிலும் ஒரு தீவு இருக்கிறது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தீவுகளைக் காப்பது போர்முனை வீரம் மட்டுமல்ல. ஆளையும் பொருளையும் சுமந்து மழையிலும் மேகத்திலும் கடலைக் கடக்கும் அன்றாடப் பயணங்களும்தான். அந்த 29 பேரில் 8 பேர் சீருடை அணியாதவர்கள், விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள்.

விபத்தில் இறந்தவர்களைப் போரில் விழுந்தவர்களோடு சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நடுகற்களைப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். ஆநிரை மீட்டு மாண்டவன் அரசனின் படையாளா, வெறும் மாடு மேய்ப்பவனா என்று ஊர் பிரித்துப் பார்க்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில், எசமான் விழுந்த பின்னும் கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பணியிலே போன உயிரைப் பெயர் சொல்லி நினைத்த மண் இது. நிவாரணத் தொகை குடும்பத்தின் உரிமை. நினைவு அதற்குள் அடங்காது.

ஆகவே மத்திய அரசிடம் கேட்கிறோம். தாம்பரத்திலும், இன்று ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேரிலும், தளத்தின் மதிலுக்குள் அல்லாமல் எவரும் வந்து பூ வைக்கக்கூடிய இடத்தில், 29 பெயர்களும் ஒரே கல்லில் இருக்க வேண்டும். பதவி வரிசையும் வேண்டாம், சீருடைப் பிரிவினையும் வேண்டாம். ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று, விரும்பும் குடும்பங்களைக் கடற்படைக் கப்பலில் விமானம் விழுந்த இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். இடம் இப்போது தெரியும். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர். கப்பலுக்கு ஒரு நாள் பயணம்கூட இல்லை.