உத்திரத்தில் ஒரு தொட்டில் தடம்



விருதுநகரில் எங்கள் பிறந்த வீட்டைப் போன தை மாதம் இடித்தோம். பாகப் பிரிவினையில் பெரிய அண்ணனுக்கும் எனக்கும் மனஸ்தாபம். பேச்சே நின்று போயிருந்தது. கதவு, ஜன்னலை மரக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். மிச்சம் நாலடி உத்திரத் துண்டு. "விறகுக்குத்தான் ஆகும்" என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் தொட்டிலில் ஆடியது அந்த உத்திரத்தில்தான். கயிறு உராய்ந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். யார் வீட்டுத் தூணோ, யார் வாங்குவார்களோ! நம் மரம் நம்மிடமே இருக்கட்டும் என்று கடைசல் பட்டறைக்குக் கொண்டு போனேன். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு செய்கிறார்களே, அதே வேலைதான். மோர் கடையும்போது மத்து சுழலும். இங்கே மரம் சுழல, உளியைப் பிடித்துக் கடைவார்கள்.

பழைய மரம் நன்றாகக் காய்ந்தது. பச்சை மரம் மாதிரி பின்னால் வெடிக்காது. ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* உள்ளே ஆணி இருந்தால் உளி தெறித்துவிடும். காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்து, பிடுங்கிய பிறகே கொடுங்கள்.

* பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் மூளைக்கு அது விஷம். பெயின்ட் அடித்த மரத்தைச் சொப்புக்கும் சமையல் சாமானுக்கும் எடுக்காதீர்கள். வீட்டில் வைத்துச் சுரண்டவும் வேண்டாம், தூசியே கெடுதல்.

* செல் அரித்த பாகத்தை வெட்டித் தள்ளுங்கள்.

* குழந்தை வாய்க்குள் போகிற அளவில் சின்னச் சாமான் எதுவும் வேண்டாம்.

* மத்து, பூரிக் கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

எங்கள் உத்திரத்தில் பெயின்ட் இல்லை. தங்கைக்கு மத்து, எனக்குப் பூரிக் கட்டை, தம்பி மகளுக்குச் சொப்பு என்று கணக்குச் சொன்னேன். கடைசல்காரத் தம்பி துண்டைப் புரட்டிப் பார்த்து, "எக்கா, கடைஞ்சா இந்தத் தடம் போயிரும், பாத்துக்கிடுங்க" என்றார்.

திக்கென்றது. எதற்காக அந்த மரத்தைத் தூக்கி வந்தேனோ, அதையல்லவா சீவி எறிய இருந்தேன்! தடம் இருந்த ஒரு சாணை மட்டும் அறுத்துத் தனியே வைக்கச் சொன்னேன். அதில் உளி படவே இல்லை.

அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினிதான் "வாங்க" என்றாள். அண்ணன் வாங்கி, பள்ளத்தில் கட்டை விரலை வைத்துத் தடவினார். ரொம்ப நேரம் கழித்து, "இது என் தொட்டில் கயிறா, உன் தொட்டில் கயிறா பாப்பா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே கயிறுதான் அண்ணே" என்றேன்.

வீடு இடிக்கிற சகோதரிகளே, மரத்துக்கு விலை பேசுமுன் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள்.