உழவன் கசக்கிறது, ஜார்ஜ் இனிக்கிறதா?

சாலைக் கடைத்தெருவில் தொழில் நடத்தும் நம்மவர் வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால், பெயர் தேடக் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்கள். கிரேக்கப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பக்கத்திலேயே பொருளும் இருக்கிறது. ஓசை பிடித்துவிட்டால் காரியம் முடிந்தது. பொருளை யார் பார்க்கிறார்கள்?

கிரேக்கப் பெயர் கேரளத்துக்குப் புதிதல்ல. சிரியன் கிறிஸ்தவர்களின் வர்கீஸ், ஜார்ஜ் என்பதன் மறுவடிவமே. மூலச் சொல்லுக்கு மண்ணை உழுபவன் என்று பொருள். பிலிப்போஸ் என்றால் குதிரைப் பிரியன், பத்ரோஸ் பாறை, குரியாக்கோஸ் ஆண்டவனுக்கு உரியவன். இருமுறை கேரள முதல்வராயிருந்த உம்மன் சாண்டியின் பெயரிலுள்ள 'சாண்டி'யும் அலெக்சாண்டர்தான். மனிதரைக் காப்பவன் என்று பொருள். அதே பெயர் பாரசீகம் வழியாக வந்தபோது சிக்கந்தர் ஆயிற்று! இவர்கள் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்டு, தங்கள் வாய்க்கு ஏற்றபடி தேய்த்துச் சொந்தமாக்கிக் கொண்டவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஸ்டீபன் என்பதன் கிரேக்க மூலத்துக்கு மணிமுடி என்று பொருள். அவர்கள் அதை 'முடியப்பன்' ஆக்கினார்கள். பழைய திருவிதாங்கூரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயர் கிடைத்தது. அது எபிரேய வேர் கொண்டது. கடவுளே துணை என்று பொருள். மக்கள் நாவில் அவர் தேவசகாயம். 2022-ல் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் அந்தப் பெயர் கூடவே போயிற்று.

நம்மவர் செய்வதோ வேறு. சமய வழக்கும் இல்லை, தாத்தாவின் நினைவும் இல்லை. புதுமை மட்டுமே வேண்டும். மகனுக்கு 'ஏரன்' என்று வைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் தகப்பனார், அதே பொருளுள்ள 'ஜார்ஜ்' என்றால் பூரிக்கிறார். நாகர்கோவிலிலிருந்து வரும் பாட்டி பேரனைக் கூப்பிட முடியாமல் 'ஏ, சின்னவனே' என்கிறாள். மலையாள மண்ணில் பிழைக்கும் நமக்குத் தமிழ் என்று வீட்டில் மிஞ்சுவதே பேச்சும் பெயரும்தான். பேச்சு ஏற்கெனவே பாதி போய்விட்டது.

கிரேக்கப் பெயர் பிடித்திருந்தால் அதன் பொருளை எடுத்துக்கொண்டு தமிழில் ஒரு பெயர் தேடட்டுமே. அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிவு செய்த பிறகு, குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குள் பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.