ஸ்டேக்கும் உலர்த்தியதும்: ஓர் இறைச்சி, இரு மதிப்புகள்

இரும்புச் சட்டியைப் புகை எழும்வரை காய்ச்சி, தடித்த மாட்டிறைச்சித் துண்டை அதில் இட்டு இருபுறமும் சிவக்கவிட்டு, இறுதியில் பூண்டும் மூலிகையும் பிசைந்த வெண்ணெயை உருக்கி மேலே வார்த்தால் அதற்குப் பெயர் ஸ்டேக். அதே இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி வேகவைத்து, தேங்காய்க் கொத்து, மிளகு, கறிவேப்பிலையுடன் நீர் வற்றி நிறம் கறுக்கும்வரை புரட்டினால், திருவனந்தபுரத்தில் அதற்குப் பெயர் 'இறச்சி உலர்த்தியது'. முன்னது நாகரிகம், பின்னது நாட்டுப் பழக்கம் என்றொரு தரவரிசை கற்றோரிடையேயும் நிலவுகிறது. இத்தரவரிசைக்குச் சமையலில் ஆதாரம் இல்லை, மொழியில்தான் இருக்கிறது.

முதலில் சமையலைப் பார்க்கலாம். இறைச்சியின் மேற்பரப்பு ஈரம் நீங்கி ஏறத்தாழ 140 பாகை செல்சியசைக் கடக்கும்போது, அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு அறிவியலர் லூயி கமீல் மயார் விவரித்த இவ்வினை ஸ்டேக்கில் தொடக்கத்திலேயே நிகழ்கிறது; உலர்த்தியதில் இறுதியில் நிகழ்கிறது. வெண்ணெய் கடைசியில் சேர்வதற்கும் காரணம் உண்டு: அதிலுள்ள பால் திடப்பொருள் கடுஞ்சூட்டில் கருகிக் கசந்துவிடும்.

வேறுபாட்டைத் தீர்மானிப்பது சமைப்பவரின் திறன் அன்று, விலங்கின் வாழ்க்கை. இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட இளம் மாட்டின், அதிகம் உழைக்காத தசையே ஸ்டேக்குக்கு உகந்தது. அதையும் குளிரில் பல நாள் வைத்துப் பதப்படுத்துவர். கேரளத்துக் கடைகளுக்கு வருவனவற்றுள் உழவும் கறவையும் முடிந்து, பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் கைமாறி எல்லை கடக்கும் மாடுகளும் எருமைகளும் பல. உழைத்த தசையில் இணைப்புத் திசு மிகுதி. அதிலுள்ள கொலாஜன் நெடுநேரம் வெந்தால்தான் இளகும். அவ்விறைச்சியைச் சில நிமிடங்களில் வாட்டி எடுத்தால் தோல்வார்தான் மிஞ்சும். உலர்த்தியது என்பது முதிய விலங்குக்குக் கேரளச் சமையலறை கண்ட அறிவார்ந்த விடை.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஸ்டேக்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கம்பியில் கோத்துச் சுடுதலே அதன் வேர்ப்பொருள். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலும் கம்பியில் சுட்ட ஊன் கலைஞர்க்கு விருந்தாகிறது. 'உலர்த்து' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான வினை; தமிழில் அது நெல்லோடும் துணியோடும் நின்றுவிட, மலையாளம் அதை அடுப்புக்கும் கொண்டுசென்றது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்லிலக்கணம் எதுவும் சொல்லவில்லை.

சொல்லுக்கு மதிப்பையும் இழிவையும் ஏற்றுவது சமூகம். தமிழ்நாட்டில் உண்பவருள்ளேயே பலர் 'மாட்டுக்கறி' என்பதைத் தவிர்த்து 'பீஃப்' என்கின்றனர். தமிழ்ச்சொல்லின்மேல் சாதி சுமத்திய இழிவு ஆங்கிலச் சொல்லில் ஒட்டவில்லை என்பதே காரணம். ஆனால் ஆங்கிலமும் எல்லா இடத்திலும் காப்பதில்லை. 2015 அக்டோபரில் தில்லி கேரள இல்லத்தின் உணவுப் பட்டியலில் இருந்த 'பீஃப்' என்னும் சொல்லைக் காட்டி எழுந்த புகாரின்பேரில் காவல்துறை உள்ளே நுழைந்தது. பரிமாறப்பட்டது எருமை இறைச்சி என்று கேரள அரசு விளக்க வேண்டியிருந்தது. மாட்டுக்கும் எருமைக்கும் இந்திய ஆங்கிலம் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதன் விலை அது.

எனவே ஸ்டேக் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். இறைச்சிக் கடையில் 'அண்டர்கட்' என்று கேட்டால் முதுகெலும்பின் அடியிலுள்ள மென்தசை கிடைக்கும். இரு விரல் தடிமனில் வெட்டி, ஈரம் துடைத்து, உப்பிட்டு வாட்டலாம். வெண்ணெயில் பூண்டோடு நசுக்கிய மிளகையும் பொடியாக அரிந்த கறிவேப்பிலையையும் பிசையலாம். வெட்டுமுன் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

ஆனால் ஸ்டேக்கின் படத்தைப் பெருமையோடு பகிரும் கை, 'மாட்டுக்கறி சமைப்பவருக்கு வீடில்லை' என்று சொல்லப்படும்போதும் எழ வேண்டும். வெண்ணெய் பூசினால் மட்டும் மரியாதை பெறும் உணவு, மரியாதை பெற்ற உணவு ஆகாது.